யாருடைய கடனை முதலில் அடைப்பது?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் ஊரின் பழைய அடையாளம். 1968இல் பக்கத்தில் எழுந்த ஆரோவில் புதிய அடையாளம். செம்மண் பூமியில் சவுக்கு, முந்திரி, மல்லாட்டை விளைகிறது. விவசாயம் கைகொடுக்காத மாதங்களில் கட்டட வேலை, தோட்ட வேலை, கம்பெனி வேலை என்று சனங்கள் வெளியே போகிறார்கள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டுக்குச் சவுக்கு வெட்டிய பணம் 50,000 ரூபாய் மொத்தமாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு ஐந்தாறு இடத்தில் கடன் இருக்கும். அடகுக் கடையில் தாலிச் செயின் இரண்டு வட்டிக்கு இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். தண்டல்காரர் தினமும் வந்து வசூலிக்கிறார். மகளிர் குழுவில் மாதத் தவணை ஓடுகிறது. தனியார் நிறுவனத்தின் வாரக் குழு ஒன்றும் உண்டு. இவை போக, மைத்துனரிடம் வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்று.

வட்டியை மட்டும் பார்த்தால் முதலில் முடிக்க வேண்டியது தண்டல். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் கிடைப்பது 8,500 அளவில்தான். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டியே இல்லாத கைமாற்று கடைசியில் போனால் போதும். ஆனாலும் பணம் முதலில் மைத்துனர் வீட்டுக்குப் போகலாம். அல்லது, மூன்று வட்டிதான் என்றாலும் அந்த ஊர்ப் பெரியவருக்குப் போகலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கணக்குத் தெரியாத செயலாகப் படும். வங்கி மேலாளரும் நிதி ஆலோசகரும் அப்படித்தான் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விழுப்புரம், கடலூர் ஊர்களில் நடந்துவரும் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. மக்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் வட்டி ஒரு வரி மட்டும்தான். யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது, யார் நம் வாசலில் வந்து நிற்கிறார், நாலு பேர் முன்னால் என்ன பேசுகிறார், அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா என்பவை மற்ற வரிகள். கடனிலிருந்து மீள வேண்டும் என்ற துடிப்பு பெரும்பாலும் அந்த மற்ற வரிகளிலிருந்துதான் வருகிறது.

405 வீடுகளின் கணக்கு

தமிழ்நாட்டில் கடன் இல்லாத விவசாய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்கே விவசாயக் குடும்பங்களில் 65.1 சதவீதம் கடன்பட்டவை. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். அகில இந்திய அளவில் இவை 50.2 சதவீதம், 74,121 ரூபாய்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர். மானுடவியல் நோக்கில் பொருளாதாரத்தை ஆராயும் இசபெல் கெரேன், அவருடன் பணியாற்றிய ஜி. வெங்கடசுப்ரமணியன், சந்தோஷ் குமார் முதலியோர் 2010இல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் 10 ஊர்களில் 405 குடும்பங்களை விரிவாக ஆய்வு செய்தார்கள். 2016-17இலும் 2020-21இலும் அதே ஊர்களுக்கு மீண்டும் போனார்கள். யாரிடம் வாங்கினீர்கள், அவர் என்ன சாதி, என்ன உறவு, எதற்காக வாங்கினீர்கள், எப்படிக் கேட்கிறார் என்றெல்லாம் ஒவ்வொரு கடனுக்கும் பதிவு செய்தார்கள். வருடக்கணக்கில் ஊர்களில் இருந்து பேசிப் பழகியது அதற்கு வலுச் சேர்த்தது.

அவர்கள் கண்டவற்றில் ஒன்று, கடன்களுக்குள் மேல் கீழ் உண்டு என்பது. சில கடன்கள் கௌரவமானவை. வாங்க முடிகிறது என்பதே ஒருவருடைய செல்வாக்குக்குச் சான்று. சில கடன்கள் மானத்தை வாங்குபவை. தனக்குக் கீழே என்று சாதிக் கணக்கில் ஒருவர் நினைப்பவரிடம் வாங்குவது, தெருவில் நின்று சத்தம் போடுபவரிடம் வாங்குவது, பெண் கொடுத்த வீட்டில் கை நீட்டுவது எல்லாம் இந்த வகை. உறவுக்குள் வாங்கினால் வட்டி மிச்சம்தான். ஆனால் அடுத்த காதுகுத்திலோ மஞ்சள் நீராட்டு விழாவிலோ அந்தப் பேச்சு வரும். அதற்குப் பயந்து, கூடுதல் வட்டி கொடுத்தாவது வெளியாளிடம் வாங்குகிற குடும்பங்களும் இருக்கின்றன.

இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலான வீடுகள் கடனைத் தீர்ப்பதைவிடப் புரட்டுகின்றன. அங்கே வாங்கி இங்கே கட்டுவது, இங்கே முடித்து அங்கே மறுபடி எடுப்பது. இப்படிப் புரட்டும்போது மொத்தத் தொகை குறையாது. சில சமயம் கூடும். ஆனால் கடன் கொடுத்தவர் மாறுகிறார். மானக்கேடான இடத்திலிருந்து கொஞ்சம் மதிப்பான இடத்துக்கு, ஒருவரின் பிடியிலிருந்து பிடி தளர்ந்த இன்னொரு இடத்துக்குக் கடன் நகர்கிறது. ரூபாய்க் கணக்கில் அசைவே இல்லாத இந்த நகர்வுதான் பல குடும்பங்களுக்குக் கடனிலிருந்து மீள்வதன் முதல் படி.

இருவேல்பட்டில் ஒரு நூற்றாண்டு

இந்த நகர்வு புதிதல்ல. இதே விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் உள்ள இருவேல்பட்டு என்ற ஊரில் இதன் நூறாண்டுப் பதிவு கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பிக் கிராம ஆய்வு செய்யச் சொன்னார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வில் இருவேல்பட்டும் ஒன்று. பிறகு 1930களிலும் 1980களிலும் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் ஆராய்ந்தார்கள்.

1916இல் அந்த ஊரில் படியாள் முறை இருந்தது. கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் வாங்கிய ஒரு தொகை, வாங்கியவரை அவர் வீட்டுப் பண்ணையில் கட்டிப் போட்டது. தானியக் கூலியில் வயிறு நிறையும், கடன் அடையாது. அப்பன் கடன் மகனுக்கு வந்தது. கடன் வாங்கியவருக்கு வட்டி எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை. கொடுத்தவருக்கு வேண்டியது வட்டி இல்லை, ஆள்.

2008இல் போனவர்கள் அந்தக் கட்டுப்பாடு கரைந்து போயிருப்பதைக் கண்டார்கள். ஊரின் பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. தலித் மக்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். கடன் அப்போதும் இருந்தது. ஆனால் கடன் கொடுத்தவரே வேலை கொடுப்பவராகவும், வீட்டுமனைக்குச் சொந்தக்காரராகவும், ஊர் நாட்டாமையாகவும் இருந்த நிலை போயிருந்தது. ஒரே ஆளிடம் குவிந்திருந்த சார்பு பல இடங்களுக்குப் பிரிந்து போனது. இருவேல்பட்டு மக்கள் நூறாண்டில் சம்பாதித்த விடுதலையின் பெரும் பகுதி இதில்தான் இருக்கிறது.

சட்டமும் இடையில் தன் பங்கைச் செய்தது. 1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்திருந்த வட்டி பாக்கியை ரத்து செய்தது. பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து, வட்டிக்கு வட்டி ஏறி நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய மூச்சு. நிலமே இல்லாத படியாளுக்கு அந்தச் சட்டத்தால் கிடைத்தது குறைவு.

முன்பணம்

படியாள் முறை இருவேல்பட்டில் கரைந்தாலும், அதன் வாரிசு திண்டிவனம் வட்டாரத்தில் முன்பணம் என்ற பெயரில் பல காலம் தொடர்ந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் இருளர் பழங்குடியினர். செங்கல் சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு, சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது ஆகியவை வேலைகள். ஒரு குடும்பம் பத்தாயிரமோ இருபதாயிரமோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையிடத்துக்கே குடிபோகும். கூலியில் பிடித்தம் நடக்கும். எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். ஒரு சாவுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் கணவர் போகலாம், மனைவியும் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

1995இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் கொத்தடிமை நிலையை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. சிராஜ் சேட், ஃபெலிக்ஸ் சுகிர்தராஜ் இருவரும் அளித்த அந்த அறிக்கை, மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கொத்தடிமைகளாக இருப்பதாக மதிப்பிட்டது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990களிலிருந்து இந்த மக்களின் சார்பில் மனுக் கொடுத்தும் வழக்கு நடத்தியும் வருகிறது.

இங்கே சட்டம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன் முழுவதையும் தீர்ந்ததாக அறிவித்துவிட்டது. பாக்கி எவ்வளவு என்று பேரம் பேசக்கூட இடமில்லை. தீர்ந்துபோன அந்தக் கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் கடன் கொடுத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை. சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ்தான் அதற்கு ஆதாரக் காகிதம். மறுவாழ்வு நிதியும் அந்தச் சான்றிதழை வைத்தே கிடைக்கும்.

இப்படி மீட்கப்பட்டவர்களிடம் வெளியே வர எது தூண்டியது என்று கேட்டால், கடன் தொகை முதல் பதிலாக வருவது அரிது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை, அம்மா சாவுக்குப் போக விடவில்லை, மனைவியைக் கண்டபடி பேசினார்கள் என்பவைதான் முன்னால் நிற்கும். பெரும்பாலும் எவருக்கும் தெரியாமல் சூளையை விட்டு ஓடிவந்து புகார் கொடுக்கும் அந்த ஓர் ஆளின் துணிச்சலில்தான் மற்றக் குடும்பங்களின் விடுதலையும் தொடங்குகிறது. சட்டப் பிரிவு அவர்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

பெண்களின் வாசல்

கடந்த முப்பது ஆண்டுகளில் கடன் வீட்டுக்குள் இடம் மாறியிருக்கிறது. முன்பு ஆண் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார். இப்போது பெரும்பாலும் பெண்ணின் ஆதார் அட்டையில் வருகிறது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அதன்பின் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. இன்று நாட்டிலேயே நுண்கடன் அதிகம் நிலுவையில் உள்ள மாநிலங்களில் பீகாருக்கு அடுத்து முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு.

நிறுவனக் கடனின் வாரக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பெண்கள் வரிசையாக உட்காருகிறார்கள். பைக்கில் வரும் இளைஞர் ஒவ்வொரு அட்டையையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணுகிறார். ஒருவருக்குத் தவணை குறைந்தால் கூட்டம் கலையாது. மற்றவர்கள் ஆளுக்கு 50, 100 போட்டு நிரப்ப வேண்டும். இல்லையென்றால் வராதவர் வீட்டுக்குக் கூட்டமாகப் போக வேண்டும். பணம் கட்டாதவளுக்கு நிறுவனம் தண்டனை எதுவும் தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முகம் போதும்.

கெரேனும் வெங்கடசுப்ரமணியனும் சந்தோஷ் குமாரும் 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட நூல், கடன்பட்ட பெண்ணைப் பற்றியது. கடனைப் புரட்டுவது பெண்ணின் அன்றாட வேலையாகவே ஆகிவிட்டதை அது காட்டுகிறது. எந்த நாளில் எந்த டியூ, யாரிடம் கேட்டால் கிடைக்கும், யாரிடம் கேட்கக் கூடாது என்பதைத் தலைக்குள் வைத்துக்கொண்டே சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள். இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. தவணை தவறினால் பழி அவளுக்கு. அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே வரும். கடனை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் கேட்பது இந்த ஓயாத கணக்கிலிருந்தும் அந்தப் பேச்சிலிருந்தும் விடுதலை.

இதை அரசும் ரிசர்வ் வங்கியும் தாமதமாகவேனும் உணர்ந்திருக்கின்றன. 2022 மார்ச்சில் வந்த நுண்கடன் விதிமுறைகள், ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கின்றன. வசூல் பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கவோ, தொடர்ந்து அழைத்துத் தொல்லை தரவோ கூடாது. வாசல் யாருடையது என்ற கேள்விக்கு விதிப் புத்தகம் தந்த பதில் இது.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் உண்டு. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், பலமுறை மனுக் கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளோடு தீக்கிரையானது. 2025இல் கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. விதி காகிதத்தில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு உயிர்.

மீட்டபின்

ஒரு கடனை முற்றாக முடித்துவிடுவதால் மனிதருக்குள் என்ன மாறுகிறது? இதற்குச் சிங்கப்பூரில் ஓர் அரிய ஆய்வு நடந்தது. அங்குள்ள மெதடிஸ்ட் நலச் சேவை அமைப்பு, நாள்பட்ட கடனில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஒரே தடவையில் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கடனை அடைத்துக் கொடுத்தது. ஓங், தெசைரா, இங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 196 பேரைக் கடன் அடைவதற்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவு இது: பதற்றம் குறைந்திருந்தது; கவனம் தேவைப்படும் சோதனைகளில் தவறுகள் குறைந்தன; நாளைய நன்மைக்காக இன்று கொஞ்சம் பொறுக்கும் மனமும் கூடியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை வெள்ளி அடைந்தது என்பதைவிட எத்தனை கடன்கள் முற்றாக முடிந்தன என்பதற்குத் தனி வலு இருந்ததுதான். ஒரே தொகையை ஐந்து கடன்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைவிட, இரண்டை ஒழித்துக் கட்டியவர் தெளிவாக யோசித்தார்.

அமெரிக்காவில் 2012இல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் கடன் தீர்வு நிறுவனமொன்றின் வாடிக்கையாளர்களை ஆராய்ந்தபோதும் இதேபோன்ற ஒன்று தெரிந்தது. சில கணக்குகளை முன்னதாக முடித்துவிட்டவர்கள் கடைசிவரை போய் மொத்தக் கடனையும் தீர்ப்பது அதிகமாக இருந்தது.

இந்த ஆய்வுகள் சொல்வதை இரும்பைப் பக்கத்துப் பெண்கள் ஆய்வு இல்லாமலேயே செய்துவருகிறார்கள். சின்னக் கைமாற்றை முதலில் கொடுத்துவிடுவது, ஒரு வாரக் குழுவையாவது முழுசாக முடிப்பது, ஒரு கம்மலையாவது அடகிலிருந்து மீட்பது. வட்டிக் கணக்கில் இவை சரியான வரிசை ஆகாமல் போகலாம். ஆனால் தலையில் இருக்கும் பட்டியலில் ஒரு பெயர் அடிபடுகிறது. கோயில் திருவிழாவுக்கு அந்த மைத்துனர் வீட்டுக்குத் தயங்காமல் போக முடிகிறது.

நகைக்கு இதில் தனி இடம் உண்டு. தங்கம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வங்கிக்கும் அடகுக் கடைக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறது. மகள் சடங்குக்கு முன், தங்கை கல்யாணத்துக்கு முன் எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற கெடு, எந்த வங்கி நோட்டீசையும்விட வலுவானது. 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக் கடன்களைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தபோது, தகுதி பெற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது பண நிவாரணம் மட்டும் இல்லை. வட்டி ஏறி ஏலம் போய்விடுமோ என்று பயந்திருந்த தாலிச் செயின் வீட்டுக்கு வந்தது.

ஆனால் கடனிலிருந்து மீண்டவர் மறுபடி விழுவதும் நடக்கிறது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். காலையில் தண்டல் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் கட்டும் வியாபாரிகள் அவர்கள். சென்னையில் நாளொன்றுக்கு வட்டி ஏறக்குறைய 5 சதவீதம். சிலருடைய கடனை ஆய்வாளர்கள் முழுதாக அடைத்துக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டில், கடன் அடைக்கப்படாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று.

இதை ஆசை குறைந்ததாக எடுத்துக்கொள்வது தவறு. வெளியே வர வேண்டும் என்ற ஆசை ஒருவரைக் கடனிலிருந்து வெளியே கொண்டுவரும். வெளியே நிறுத்திவைக்க அது மட்டும் போதாது. அதற்குக் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும்.

விழுப்புரம் மக்கள் இதை 2024 நவம்பர் கடைசியில் கண்ணால் பார்த்தார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல் மூழ்கியது, மாடுகள் போயின, வீட்டுக்குள் சேறு நின்றது. அரசு விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. மிச்சத்தை எங்கிருந்து புரட்டுவது? ஒரு வருடம் முன்பு வாரக் குழுவை முடித்துவிட்டு மூச்சு விட்டவர்கூட அன்று அடுத்த குழுவில் பெயர் கொடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். புயல் இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சை. சிகிச்சை இலவசம் என்றாலும் கூட இருப்பவருக்குச் சாப்பாடு, போக்குவரத்து, இழந்த கூலி எல்லாம் சேர்ந்து ஒரு தண்டலில் போய் நிற்கும்.

குழுவின் நோட்டு

இரும்பையிலேயே இயங்கும் ஆரோவில் வில்லேஜ் ஆக்‌ஷன் குரூப் 1980களிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் வேலை செய்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அதன் முக்கியமான பணி. சுய உதவிக் குழுவின் கட்டமைப்பில், நிறுவனக் கடனில் இல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே முதலில் வருவது சேமிப்பு. மாதச் சந்தா சேர்ந்து குழுவின் சொந்தப் பணம் ஆகிறது. அதிலிருந்து உறுப்பினர்களுக்கு உள்கடன். வட்டி எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிவு செய்கிறார்கள். கட்டிய வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. நல்ல குழுவில் மகனுக்கு டெங்கு வந்த வாரம் தவணையைத் தள்ளிப்போட முடியும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதால் வாசலில் போய் நிற்கும் கேள்வி எழுவது குறைவு.

எல்லாக் குழுவும் இப்படி இருப்பதில்லை. சில குழுக்கள் வங்கிக் கடனை வாங்கிப் பிரித்துக்கொள்ளும் இடமாகத் தேய்ந்துவிட்டன. சிலவற்றில் தலைவியே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறார். நிறுவனங்களின் வாரக் குழுவையும் அரசுக் குழுவையும் ஊரார் ஒரே பெயரில் அழைப்பதால், ஒன்றின் கெட்ட பெயர் மற்றொன்றிலும் ஒட்டிக்கொள்கிறது. இருந்தும், சேமிப்பில் தொடங்கிய குழுவுக்கு இருக்கும் அந்தச் சிறு இருப்புதான் சென்னைச் சந்தை வியாபாரிகளிடம் இல்லாமல் போன ஒன்று. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வரும் வீடுகளில், அதை அப்படியே சந்தாவுக்கு ஒதுக்குகிற பெண்ணுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும். ஒரு தண்டலைத் தவிர்க்க அது போதும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் கடன் நிவாரணத் திட்டங்கள் தொடங்க வேண்டிய இடம் தெரிகிறது. இன்றைய திட்டங்கள் எவ்வளவு கடன், என்ன வட்டி என்று கேட்டு விண்ணப்பத்தை நிரப்புகின்றன. எந்தக் கடன் முதலில் முடிய வேண்டும் என்று அந்தக் குடும்பத்தையே கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தப் பதிலை வைத்தால் உதவியை எல்லாக் கடனிலும் தூவாமல் ஒன்றிரண்டை முழுதாக முடிக்கச் செலவிடலாம். முடித்த கையோடு குழுவில் அவசர இருப்புக்கு ஒரு தொகை போடலாம். வசூலுக்கு வரும் இளைஞருக்கும் பெண்களுக்கும் தெரியும்படி ரிசர்வ் வங்கி விதியைத் தமிழில் அச்சிட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டலாம். சூளையிலும் கரிமூட்டத்திலும் முன்பணக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி பாக்கி எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, இவர்கள் நினைத்த நேரத்தில் வெளியே போக முடிகிறதா என்று கேட்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம், மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம், கூட்டுறவுக் கடன் சங்கங்கள், இரும்பை போன்ற ஊர்களில் ஏற்கெனவே நடக்கும் குழுக்கள் ஆகியவற்றின் கையில் இப்போதே இருக்கும் அதிகாரம் போதுமானது. வங்கக் கடலில் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் புயல் உருவாகிறது. அடுத்தது வருவதற்குள் ஒரு வட்டாரத்திலாவது இதைச் செய்து பார்க்க நேரம் இருக்கிறது.